ஒன்பது சான் மர்த்தான்களும் ஓர் இடிந்த கோட்டையும்

போன வாரம் பண்ருட்டியிலிருந்து என் மருமகளின் தம்பி ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். சுளை இரண்டே நாளில் தீர்ந்தது. மிச்சமிருந்த கொட்டையை மருமகள் உப்புப் போட்டு வேகவைத்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குக்கரைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், மண்ணும் மாவும் கலந்த மாதிரி, லேசாகத் தித்திப்பாக. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்குக் கத்தரிக்காயும் கொட்டையும் போட்ட காரக்குழம்பு ஞாபகம் வரும். எனக்கோ பிரான்ஸ் தேசத்தில், நான் ஒருநாளும் கண்ணால் பார்க்காத ஒரு கிராமத்தில், பாதி இடிந்து நின்ற ஒரு கோட்டை ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. ஐம்பத்தேழாம் வருஷம். புதுச்சேரி மேரியில், அதாவது கடற்கரையை ஒட்டியிருந்த நகரசபைக் கட்டிடத்தில், பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பதிகிற பிரிவில் எழுத்தராக இருந்தேன். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகப்போகிறது. கொடிதான் இறங்கியதே தவிர எங்கள் ரெஜிஸ்டரில் ஒரு வரிகூட மாறவில்லை. அதே தடித்த அட்டை, அதே ஊதா மை, அதே பிரெஞ்சு வாசகம். ஜன்னல் வழியாக உப்புக்காற்று வந்து தாளெல்லாம் நமுத்துப்போகும். நமுத்த தாளில் மை பரவாமல் எழுதுவது ஒரு சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. 'பெ' என்கிற பிரெஞ்சுப் பெரிய எழுத்தை நான் சுழித்துப் போடுகிற அழகைப் பார்க்க ஆட்கள் வருவதாக ஒரு நினைப்பு. யாரும் வந்ததில்லை.

செங்கேணி அக்காவும் என் எழுத்தைப் பார்க்க வரவில்லை. மில்லில் நூல் சுற்றுகிற வேலை அவளுக்கு. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்த கையோடு வந்து நின்றாள். தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், பக்கத்தில் மகள் அஞ்சலை. அஞ்சலைக்கு அரியாங்குப்பத்தில் மாப்பிள்ளை பார்த்து முடிவாகிவிட்டது. பையனுக்கு ரெயூனியன் தீவில் ஆஸ்பத்திரி வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. தை மாசம் கல்யாணம், மாசியில் இரண்டு பேரும் கப்பல் ஏறவேண்டும்.

சிக்கல் என்னவென்றால், செங்கேணி அக்காவின் புருஷன் குடும்பம் ரெனோன்சான் குடும்பம். அந்தக் காலத்தில் சில குடும்பங்கள் இந்துச் சட்டம் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டம் போதும் என்று எழுதிக்கொடுத்து ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். சாமி கும்பிடுவதெல்லாம் பழையபடிதான். கல்யாணம் மட்டும் மேரியில் பதிந்தால்தான் கல்யாணம். பெண்ணுக்கு இருபத்தொரு வயது நிரம்பவில்லை என்றால் அப்பன் சம்மதம் வேண்டும். அப்பன் இல்லையென்றால் செத்ததற்கு அத்தாட்சி வேண்டும். அஞ்சலைக்கு இருபது.

அவள் அப்பன் தனகோட்டி பெனுவா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன ஆள். நம் ஊரில் சொல்தா என்போம். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின வருஷம் கப்பல் ஏறினவர். அஞ்சலை அப்போது நடைபழகுகிற குழந்தை. அதற்குப் பிறகு இரண்டு கடிதம். பிறகு ஒன்றுமில்லை. செத்தார் என்றும் தகவல் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை.

நான் சட்டம் தெரிந்தவன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோர்ட்டுல ஆள் காணோம்னு எழுதி வாங்கலாம்க்கா. நாளாகும், ஆனா நடக்கும்" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "காணாமப் போறதுக்கு அவரு இன்னா கோழிக்குஞ்சா? நான் ஏன் அப்பிடி எழுதிக் குடுக்கணும்? அவரு அங்க ஒரு வெள்ளக்காரி வூட்ல இருக்காருன்னு ஊரே சொல்லுது. இருந்தா இருந்துட்டுப் போவட்டும். பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு கையெழுத்துப் போட மாட்டாரா? நீ அட்ரஸ் கண்டுபிடிச்சுக் குடு தம்பி. கையெழுத்து முத்து முத்தா போடுவியாமே, நீயே ஒரு காயிதம் எழுது."

கடைசி வாக்கியத்தில் விழுந்துவிட்டேன். என் கையெழுத்தைப் பற்றி வெளியில் ஒருவர் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "எழுதறேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். எங்கே எழுதுவது என்று அவள் போன பிறகுதான் யோசித்தேன்.

அந்த வெள்ளைக்காரிப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று விசாரித்ததில் லாஸ்பேட்டையில் போய் நின்றது. இன்றைக்கு அங்கே காலேஜும் குவார்ட்டர்ஸுமாக இருக்கிறது. அன்றைக்குச் செம்மண்ணும் முந்திரித் தோப்பும்தான். தோப்பு ஓரத்தில் ஓட்டு வீடு கட்டிக்கொண்டு ஆறுமுகம் என்கிற ஓய்வுபெற்ற சொல்தா இருந்தார். கப்ரால், அதாவது கார்ப்பொரல், பதவிவரை போனவர் என்பதால் ஊருக்கே அவர் கப்ரால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். செங்கேணி அக்கா பஸ்ஸில் வந்து இறங்கித் தோப்புக்கு நடந்தே வந்தாள்.

கப்ரால் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அக்காவைப் பார்த்ததும் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். முந்திரிப்பழ வாசனை காற்றில் புளித்துப்போய் வந்துகொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துப் பேசினார். அக்கா பக்கம் திரும்பவில்லை.

"ஜெர்மன்காரன் புடிச்சு எங்கள முகாம்ல அடைச்சான் முசியே. அங்கருந்து நாலு பேரு ஓடியாந்தோம். நானு, தனகோட்டி, ஒரு காரைக்கால் ஆளு, ஒரு செனகல்காரன். ஒரு ஊரு. சம்மர்த்தான்னு பேரு. மேட்டு மேல ஒரு இடிஞ்ச கோட்ட. ஒரே ஒரு கோபுரம் நிக்கும், அதுவும் உச்சியிலருந்து பாதி வரைக்கும் பொளந்திருக்கும். அதுக்கடியில நெலவறை. அதுல ஒளிஞ்சிருந்தோம்."

"சாப்பாடு?"

"செவுத்தோரமா ஒரு கூடை இருக்கும். யாரு வெக்கிறாங்கன்னு எட்டிப் பாக்கக் கூடாதுன்னு உத்தரவு. நாங்க மாட்டிக்கினா அடிதாங்காம சொல்லிடுவோம்ல, அதுக்கு. கூடையில பலாக்கொட்ட மாதிரி ஒண்ணு வேகவெச்சு இருக்கும். தனகோட்டி மூந்து பாத்துட்டு, 'பண்ருட்டி வாசன வருதுடா கப்ரால்'ம்பான்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அந்த வெள்ளக்காரி?"

கப்ரால் அப்போதும் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார். பனிக்காலம் தொடங்கும்போது மற்ற மூன்று பேரையும் தூரத்தில் வேறு பண்ணைக்கு மாற்றினார்களாம். தனகோட்டிக்குக் காய்ச்சல், நடக்க முடியவில்லை. "நீ போடா, நான் பொறவு வர்றேன்" என்றாராம். கிளம்பிப் போகும்போது கப்ரால் திரும்பிப் பார்த்தார். தலையில் துணி கட்டிய ஒரு பெண் மாட்டு வண்டியோடு வந்து தனகோட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் அவர் பார்த்தது.

"சண்டை முடிஞ்சப்பறம் போய்ப் பாத்தீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"மார்செய் தொறமொகத்துல கப்பலு நின்னுகினு இருந்திச்சு முசியே. ஊரப் பாத்து ஏழு வருசம் ஆயிருந்திச்சு." பிறகுதான் முதல் தடவையாக அக்காவைப் பார்த்தார். "இங்க வந்து எறங்கினதும் சாராயக் கடையில அல்லாரும் கேட்டாங்க, தனகோட்டி எங்கடான்னு. வெள்ளக்காரி வூட்ல சொகமா இருக்கான்னு சொன்னேன். சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவ்ளோதாம்மா சொன்னேன்."

அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சம்மர்த்தான். எழுதிக்கோ தம்பி" என்றாள்.

எழுதிக்கொண்டேன். அது சான் மர்த்தான் என்று புரிந்துகொள்ள எனக்கு நேரமாகவில்லை. நூலகத்தில் போய் பிரான்ஸ் ஊர்ப்பெயர் அகராதியைப் புரட்டினபோதுதான் சிக்கல் தெரிந்தது. நம் பக்கத்தில் புதுப்பட்டி, புதூர் இருக்கிற மாதிரி அங்கே சான் மர்த்தான். பக்கம் பக்கமாக ஓடுகிறது. அத்தனை ஊருக்கும் எழுதினால் நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் எழுதவேண்டும்.

இங்கேதான் என் பள்ளிக்கூடப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். காவிரி எங்கே பிறக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. லுவார் நதி எங்கே பிறக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எந்தச் சீமையில் திராட்சை, எந்தச் சீமையில் பீட்ரூட், எங்கே செம்மறி, எங்கே செவலை மாடு எல்லாம் மனப்பாடம். புதுச்சேரி வெயிலில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் எதற்கு என்று நாங்கள் எங்களுக்குள் கேலி பேசிக்கொள்வோம். அன்றைக்கு நூலகத்தில் அந்தப் பழைய பாடம் ஒப்பிக்கிற ராகத்தோடு திரும்பி வந்தது. மண் மோசமான நடுச்சீமை, லிமூசேன் பக்கம். அங்கே ஏழைகள் கோதுமை ரொட்டிக்குப் பதிலாக 'ஷத்தேஞ்' என்கிற கொட்டையை வேகவைத்துத் தின்பார்கள். கப்ரால் சொன்ன பலாக்கொட்டை அதுதான். உட்கார்ந்த இடத்தில் துள்ளிவிட்டேன். நூலகர் என்னை முறைத்தார். அந்தச் சீமையிலும் சுற்றுவட்டாரத்திலும் சான் மர்த்தான்களை எண்ணினேன். ஒன்பது.

ஒன்பது மேயர்களுக்கும் எழுதினேன். முதல் கடிதத்தை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. 'தங்கள் மேன்மை பொருந்திய கவனத்தைத் தொந்தரவு செய்யத் துணியும் இந்த எளியவன்' என்று ஆரம்பித்து, விஷயத்துக்கு வர ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. எழுதி முடித்ததும் அக்காவுக்குத் தமிழில் சொல்லிக்காட்டினேன். "இடிஞ்ச கோட்ட இருக்குதான்னு எப்ப கேக்கப்போற?" என்றாள். மற்ற எட்டும் அரைப் பக்கத்தில் முடிந்தன. உச்சியிலிருந்து பாதிவரை பிளந்த ஒற்றைக் கோபுரம் உங்கள் ஊரில் உண்டா, சண்டைக் காலத்தில் அங்கே ஒளிந்திருந்த இந்தியர் ஒருவர் இப்போது எங்கே இருக்கிறார், அவர் மகளுக்குக் கல்யாணம். அவ்வளவுதான்.

ஆடியில் போட்ட கடிதங்களுக்கு ஆவணி கடைசியிலிருந்து பதில் வரத்தொடங்கியது. ஒரு மேயர், எங்கள் ஊரில் கோட்டை இல்லை, ஆனால் இந்தியத் தபால்தலைகள் இருந்தால் என் பேரனுக்கு அனுப்பமுடியுமா என்று கேட்டிருந்தார். அனுப்பினேன். இன்னொருவர், கோட்டை இருக்கிறது, ஆனால் அது இடியவில்லை, அப்படிக் கேட்டது அதன் சொந்தக்காரர் காதில் விழுந்தால் வருத்தப்படுவார் என்று எழுதியிருந்தார். மூன்று பேர் மரியாதையாக இல்லை என்றார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அக்கா மில்லிலிருந்து நேராக வந்து நிற்பாள். "இது இல்லியா? சரி, அடுத்தது" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் தடிமனான உறை ஒன்று வந்தது. ஓரம் நனைந்திருந்தது. எழுதியிருந்தவர் மேயர் இல்லை, அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை. அங்கெல்லாம் சின்ன ஊர்களில் வாத்தியார்தான் மேயருக்கு எழுத்து வேலையும் பார்ப்பாராம். மத்மசேல் மார்த் என்று பெயர், மத்மசேல் என்றால் கல்யாணமாகாதவள். உருண்டை உருண்டையான கையெழுத்து. என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்பதை இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

கடிதத்தோடு ஒரு போட்டோ. மேடு, புதர், ஒற்றைக் கோபுரம். உச்சியிலிருந்து பாதிவரை பிளவு.

அந்த அம்மாள் தன் ஊர்க் கோட்டையின் சரித்திரத்தைப் பல வருஷமாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எங்களுக்காக அதைச் சுருக்கி எழுதியிருந்தாள். ஆங்கிலேயர்களோடு சண்டை நடந்த பழைய காலத்தில் ஒரு பிரபு கட்டியது. குடியானவர்கள் கல் சுமந்தார்கள், வரி கட்டினார்கள். எதிரி வந்தபோது பிரபு கதவைச் சாத்திக்கொண்டான், குடியானவர்கள் வெளியில் நின்றார்கள். புரட்சியின்போது அவர்களே வந்து கொளுத்தினார்கள். பிறகு ஆளாளுக்குக் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய் வீடு கட்டிக்கொண்டார்கள். ஊரில் கோட்டைக்கல் இல்லாத வீடே கிடையாது, பள்ளிக்கூட வாசற்படிகூட அந்தக் கல்தான். 'நன்றாக இருந்த காலமெல்லாம் அந்தக் கோட்டை எங்களில் ஒருவருக்கும் நிழல் கொடுத்ததில்லை. பாழான பிறகுதான் நான்கு மனிதர்களுக்குக் கூரையாக இருந்தது. அதனால்தான் அதன் சரித்திரத்தை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது' என்று எழுதியிருந்தாள்.

அதற்கடுத்த பக்கத்தில்தான் தனகோட்டி வந்தார். படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். அன்று அதற்குமேல் ஒரு பிறப்பைக்கூட என்னால் பதிய முடியவில்லை.

சாயங்காலம் மில் சங்கு ஊதிய பிறகு முதலியார்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. அவள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்தாள்.

"இருக்காரா?"

"இல்லக்கா."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். அஞ்சலை உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "படி தம்பி" என்றாள் அக்கா. "எழுதியிருக்கிறத எழுதியிருக்கிற மாதிரியே படி. ஒண்ணும் வுடாத."

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. டாக்டரை ஒளித்துக் கூட்டிவந்தார்கள். பதினோரு நாள் இருந்தார். அந்தப் பனிக்காலத்திலேயே, கப்ரால் திரும்பிப் பார்த்த அந்த வண்டியில் ஏறின கொஞ்ச நாளிலேயே, போய்விட்டார். ஜெர்மன்காரனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று, தனகோட்டி என்கிற பெயரை விட்டுவிட்டு, பியேர் பெனுவா, பண்ணைக்கூலி என்று பதிந்து, ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், அவர்கள் வழக்கப்படி, புதைத்தார்கள். ஊரே கூட வந்தது. சண்டை முடிந்ததும் மத்மசேல் மார்த் 'புதுச்சேரி, பியேர் பெனுவா குடும்பத்தாருக்கு' என்று ஒரு கடிதம் போட்டாள். அப்படி ஒருவர் இல்லை என்று அது திரும்பிப்போயிற்று. அவருடைய சொந்தப் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. 'தானா' என்று கூப்பிட்டார்கள். ஊர் எது என்பது மட்டும் தெரியும். ஏனென்றால் காய்ச்சலுக்கு முந்தி ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குள் வந்து, சுவரில் மாட்டியிருந்த உலகப்படத்தில் புதுச்சேரிப் புள்ளிமேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம்.

அஞ்சலை அழுதுகொண்டிருந்தாள். அக்கா அழவில்லை. "கடேசியில பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு போட்டிருக்குதா?"

"போட்டிருக்குக்கா. அந்த வண்டியில ஏத்திக்கினு போன அம்மாதான். கூடையில சாப்பாடு வெச்சதும் அவங்கதான். அவங்க ரெண்டு பிள்ளைங்களும் முந்தின சண்டையில செத்துட்டாங்களாம். அப்ப அவங்களுக்கு எழுபத்திரண்டு வயசு."

"இன்னா வயசு?"

"எழுபத்திரண்டு."

அக்கா என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். "எழுவத்திரண்டு வயசுக் கெழவியா! அடிப்பாவி, ஒரு கெழவிய வெச்சா இத்தினி வருசம் என்னத் தூங்கவுடாம அடிச்சாங்க! நான் அவள எப்பிடியெல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா தம்பி, குளிக்கும்போது, சமைக்கும்போது, மில்லுல நூல் அறுந்தாக்கூட அவளத்தான்..." சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களிடம் அவள் திரும்பத்திரும்பச் சொன்னது ஒன்றுதான். "அவரு என்ன வுட்டுட்டுப் போவல. வுட்டுட்டுப் போவல."

மத்மசேல் மார்த் அத்தோடு நிற்கவில்லை. மேயரைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய், அந்தப் பதிவில் பெயரைத் திருத்த மனுப்போட்டாள். கார்த்திகை முடிவதற்குள் திருத்திய சான்று வந்துவிட்டது. 'தனகோட்டி பெனுவா, போர்வீரர், புதுச்சேரியில் பிறந்தவர்.' எத்தனையோ சாவுப் பத்திரங்களைக் கையாண்டிருக்கிறேன். கையில் வாங்கி எழுந்து நின்று படித்தது அது ஒன்றைத்தான்.

கப்ரால் விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் சட்டையில் பதக்கமெல்லாம் குத்திக்கொண்டு முதலியார்பேட்டைக்கு வந்தார். அக்கா இருந்த தெருவில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை ஒவ்வொரு வாசலிலும் நின்று, "தனகோட்டியப் பத்தி நான் சொன்னது தப்பு. அவன் அந்தப் பனிக்காலமே பூட்டான். அந்தம்மா பெத்த தாயி மாதிரி அவனப் பாத்துக்கினாங்க" என்று சொன்னார். சாராயக் கடைக்கும் போய்ச் சொன்னார். அங்கே யாரும் சிரிக்கவில்லையாம்.

பிறகுதான் வேறொரு வில்லங்கம் முளைத்தது. அந்தக் காகிதம் இருந்தால் அஞ்சலைக்குக் கல்யாணம் நடக்கும். அந்தக் காகிதமே செங்கேணி அக்காவைத் தாலி அறுத்தவளாகவும் ஆக்கிவிடும். தாலி அறுத்தவள் மகள் கல்யாணத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். அக்காவின் அண்ணன் என்னிடம் வந்து, காகிதத்தை மேரியில் மட்டும் காட்டிக்கொள்ளலாம், ஊரில் இப்போதைக்கு ஒன்றும் செய்யவேண்டாம், பூவும் பொட்டுமாகவே அவள் நிற்கட்டும், கல்யாணம் முடிந்து கருமாதி வைத்துக்கொள்வோம், நீங்கள் எடுத்துச்சொல்லுங்கள் என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. போய்ச் சொன்னேன்.

"இத்தினி வருசம் ஊரு அவரப் பத்திப் பொய்யப் பேசிச்சு. இப்பதான் நெசம் வந்திருக்குது. அத நானே ஒளிச்சு வெக்கட்டுமா?" என்றாள். "அவரு செத்தாரு, நான் அவரு பொண்டாட்டி. அதுக்கு உண்டானத நான் செய்யணும்."

மார்கழி பிறப்பதற்குள் எல்லாம் செய்து முடித்தார்கள். அடுத்த தடவை அவளைப் பார்த்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. குங்குமம் இருந்த இடம் மட்டும் வட்டமாக, கொஞ்சம் வெளிறி. அந்தக் காகிதத்தைத் தேடிக் கொடுத்தவன் நான்தான் என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அவள் புரிந்துகொண்டாள் போல. "நல்லாத் தூங்கறேன் தம்பி" என்றாள்.

தையில் மேரியில் கல்யாணம். மாடிக் கூடத்தில் மேயர் குறுக்குப் பட்டை அணிந்து நின்றார். நான் பதிவுப் புத்தகத்தோடு பக்கத்தில். மாப்பிள்ளை வீட்டார் ஒரு புறம். அக்கா வழக்கப்படி கடைசி வரிசையில் தூணோரம் போய் நின்றுவிட்டாள். பெண்ணின் தந்தை காலமானார் என்று நான் வாசித்து, சான்றின் விவரத்தைச் சொல்லி, அந்தக் கிராமத்தின் பெயரையும் உரக்கச் சொன்னேன். அடுத்த வரி சட்டப்படி இருக்கவேண்டிய வரி. பெண்ணின் தாய், இங்கே முன்னிலையில் இருப்பவர், சம்மதம் தருகிறாரா?

மேயர் நிமிர்ந்து பார்த்தார். தாய் முன்னால் வரவேண்டும் என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். செங்கேணி அக்கா வெள்ளைச் சேலையில் மெதுவாக நடந்து முன்னால் வந்தாள். சொந்தக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். மேயருக்கு எதிரே நின்று, "வுய், முசியே லெ மேர்" என்றாள். ஆமாம், மேயர் ஐயா என்று பிரெஞ்சில், கணீரென்று. கப்ரால் ஒரு வாரமாக லாஸ்பேட்டையிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்தாராம். அவர் கடைசி வரிசையில் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஊதா மையில் விரலைத் தோய்த்து அக்கா ரெஜிஸ்டரில் ரேகை வைத்தாள். அந்தப் பக்கத்தில் என் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். பரவாயில்லை.

வீட்டில் தாலி கட்டும்போது அவள் மறுபடியும் பின்னால், சமையல்கட்டுச் சுவரோரம் நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா, அரியாங்குப்பத்தில் மீன் வியாபாரம் பார்த்த பருமனான அம்மாள், தாலித்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள். "மேரியில முன்னாடி நின்னியே, இங்க எதுக்குப் பின்னாடி நிக்கிற? ஒன் பொண்ணுதான? வா, நீ தொட்டுக் குடு" என்றாள். யாரோ முணுமுணுத்தார்கள். அந்த அம்மாள் முணுமுணுத்த திசையைப் பார்த்த பார்வையில் அது நின்றுவிட்டது. அக்கா வந்து தட்டைத் தொட்டாள்.

இப்படி ஒரு நல்ல மனுஷியின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்த வயதில் யாருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று சட்டென்று தெரிவதில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கடிதங்கள் நிற்கவில்லை. மத்மசேல் மார்த் எழுதுவாள், நான் அக்காவுக்குப் படித்துச் சொல்வேன், அக்கா சொல்வதை நான் பிரெஞ்சில் எழுதுவேன். கோட்டை சரித்திரத்தில் தனகோட்டிக்கு ஒரு பக்கம் வேண்டும், அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று மனைவி சொல்லவேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். எந்த ரெஜிமெண்ட், எந்த வருஷம் என்று நான் பெரிய மனிதத் தோரணையில் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். அக்கா வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "சிரிச்சா கண்ணு ரெண்டும் மூடிக்கும்னு எழுது. பாவக்கா ஆவாது. கொழந்தைய இடது கையாலதான் தூக்குவாரு." அப்படியே எழுதினேன். பிரபுக்களும் போர்களும் இருந்த அந்த நோட்டில் அதுவும் சேர்ந்தது. அச்சடித்த சின்னப் புத்தகத்தை அவள் அனுப்பிவைத்தாள்.

அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. யார் எந்த நாட்டுக்காரர் என்று எழுதிக்கொடுக்க மேரியில் கூட்டம் அலைமோதியது. அந்தக் களேபரத்தில்தான் மத்மசேல் மார்த்தின் கடிதம் ஒன்று வந்தது. பனிக்கால மழையில் கோபுரம் விழுந்துவிட்டது, முழுதாக, பட்டப்பகலில், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தபோது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவரு மேல ஒண்ணும் வுழலியே?"

"இல்லக்கா. கல்லறத் தோட்டம் மேட்டுக்கு அந்தப் பக்கம், தள்ளி இருக்கு."

"அப்ப சரி" என்றாள். வேலையை மறுபடி கையில் எடுத்தபடியே, "டீச்சரம்மாவ அந்தக் கல்லாண்ட போவ வேணாம்னு எழுது. பள்ளிக்கூடப் புள்ளைங்களையும் அனுப்பக் கூடாது" என்றாள். எழுதினேன்.

ஒருவரையொருவர் பார்க்காத, ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாத இரண்டு பெண்கள், நடுவில் என்னை உட்காரவைத்துப் பேசிக்கொண்டார்கள். பிற்பாடு எனக்குப் பெரிய நாற்காலிகள் எல்லாம் கிடைத்தன. ஆனால் அந்த நடு இடத்தைவிடப் பெரிய உத்தியோகம் கிடைக்கவில்லை.

கப்ரால் முதலில் போனார், பிறகு அக்கா, அதற்கடுத்த வருஷம் அங்கே டீச்சரம்மா. மில் சங்கு ஊதுவதில்லை. நான் ரெஜிஸ்டர் எழுதிய மேரிக் கட்டிடமே ஒரு மழையில் விழுந்து, இப்போது அதே மாதிரி புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் சுண்ணாம்பு வாசனைதான், நமுத்த தாள் வாசனை இல்லை. சில வருஷத்துக்கு முன் அஞ்சலையின் மகன் அந்தச் சான் மர்த்தானுக்குப் போய்விட்டு வந்தான். கோட்டை இருந்த மேட்டில் புல் முளைத்து மாடு மேய்கிறதாம், கல் ஒன்றுகூட மிச்சமில்லையாம். பள்ளிக்கூடமும் பிள்ளைகள் இல்லாமல் மூடிவிட்டார்களாம். ஊரில் யாருக்கும் மத்மசேல் மார்த்தைத் தெரியவில்லை. இங்கே தெருவில் யாருக்கும் செங்கேணியைத் தெரியவில்லை. அந்த இரண்டு பேரின் குரலும் தெரிந்தவன் இன்றைக்கு நான் ஒருவன்தான். ஒருத்தியுடையதைக் காதால் கேட்டேன், மற்றவளுடையதை உருண்டை உருண்டையான எழுத்தில்.